அடிப் புத்தகத்தில் நான் எழுதாத வரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மா என் வீட்டுக்கு வந்தாள். நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். திருப்பதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கையில் அச்சடித்த படிவம் ஒன்று. மாணவர்களுக்கு விளையாட்டிலும் உடற்பயிற்சியிலும் அடிபடுவதற்கு என்னென்ன காரணம் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். வெயில், தரை, காலணி, சாப்பாடு, தூக்கம், பழைய காயம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. கடைசியில் "மற்றவை" என்று விரல் அகலத்துக்கு ஓர் இடம்.

"நீங்க முப்பது வருஷத்துக்கு மேல பசங்கள ஆட வெச்சிக்கினு இருந்தவரு சார். எதுக்கெல்லாம் டிக் போடணும்னு சொன்னீங்கன்னா போட்டுக்கினு போயிடுவேன்" என்றாள்.

எல்லாவற்றுக்கும் போடம்மா என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த "மற்றவை"யைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வைத்துவிட்டுப் போ, இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். இரண்டு நாள் ஒரு மாதமாகிவிட்டது. படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாவம், அந்தப் பெண் மரியாதைக்காகக் கேட்காமல் இருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மதராஸில் ஒரு வருஷம் குதித்தேன், உருண்டேன், கயிறு ஏறினேன். ஒரு சர்டிபிகேட்டும் ஒரு விசிலும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். திரும்புவதற்குள் ஊர் வேறு ராஜ்யத்துக்குப் போயிருந்தது. ஆந்திர ராஜ்யம் பிறந்து எங்கள் சித்தூர் ஜில்லா அதில் சேர்ந்திருந்த சமயம் அது. முதல் வேலை சித்தூரில். அதுவரை டிரில் கட்டளைகளை இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தோம். இனி தெலுங்கில் சொல்வதா, தமிழ்ப் பிரிவுக்குத் தமிழில் சொல்வதா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எந்த மொழியில் கத்தினாலும் யாராவது ஒருவர் முகம் கோணிற்று. நான் வாயை மூடிக்கொண்டு விசிலை எடுத்தேன். நீளமாக ஒன்று ஊதினால் ஏறு, குட்டையாக இரண்டு ஊதினால் இறங்கு. அதோடு சண்டை தீர்ந்தது.

இரண்டு வருஷம் கழித்து நகரிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றினார்கள். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். பாதிப் பையன்கள் தமிழ், நெசவுக்காரர் வீட்டிலிருந்தும் விவசாயக் குடும்பங்களிலிருந்தும் வருபவர்கள். மீதிப் பேர் தெலுங்கு. எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும், எந்த ஊர் மதராஸோடு போகும் என்று யாருக்கும் நிச்சயமில்லாத வருஷங்கள். டீக்கடையில் பெஞ்சுக்கு ஒரு கட்சி. பள்ளியில் தமிழ்ப் பிரிவு நீடிக்குமா என்பதே பேச்சாக இருந்தது.

தலைமை ஆசிரியரை எல்லோரும் பெத்த சார், அதாவது பெரிய சார், என்றுதான் சொல்வோம். கடப்பைப் பக்கத்துத் தெலுங்குக்காரர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார், நடுவில் 'காரு', 'அண்டி' என்று தெலுங்கு மரியாதை ஒட்டிக்கொள்ளும். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இறங்கும். எதிரில் ஆளை நிற்க வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்து வைத்திருப்பார். மூடியைத் திருகி மூடினால் பேச்சு முடிந்தது, போகலாம் என்று அர்த்தம்.

நான் சேர்ந்த முதல் வாரமே அவர் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அவரே கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தார். பெயர், எங்கே அடி, எந்தத் தரை, எத்தனை மணிக்கு, சாப்பிட்டிருந்தானா, தூங்கியிருந்தானா, அதே இடத்தில் முன்பு அடி உண்டா, காரணம் என்ன, யார் பார்த்துக்கொண்டிருந்தது. மைதானத்தில் ஒரு பையனுக்கு ரத்தம் வந்தாலோ வீங்கினாலோ அதில் ஏற்ற வேண்டும். பையன்கள் அதற்கு அடிப் புத்தகம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஜில்லாவிலும் அப்போது இப்படி ஒன்று கிடையாது. எனக்கு எரிச்சலாக இருந்தது. விளையாடினால் அடிபடத்தான் செய்யும், அதற்கு ஒரு புத்தகமா என்று நினைத்தேன்.

முதல் பதிவு, மைதானத்துக் குழியில் கால் மாட்டி ஒரு கணுக்கால் சுளுக்கு. காரணம் என்று நான் "மாணவனின் கவனக்குறைவு" என்று எழுதினேன். பெத்த சார் கூப்பிட்டனுப்பினார். பேனா திறந்திருந்தது.

"கவனக்குறைவுன்னு எழுதினா, நாளைக்கு நீங்க எதை மாத்துவீங்க மாஸ்டர்காரு?"

"பையனை எச்சரிக்கலாம் சார்."

"எச்சரிச்சா குழி மூடிக்குமா? குழின்னு எழுதண்டி."

என் வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மூடியைத் திருகினார். மறுநாள் குழியை மூடினேன்.

அந்தப் புத்தகம் எனக்குக் கற்றுக்கொடுத்ததை மதராஸில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அடி பெரும்பாலும் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் பட்டது. லீவு முடிந்து வந்த முதல் வாரம் மோசம். ஐந்து மைல் நடந்து வந்தவனும் காலையில் ஒன்றும் துன்னாமல் வந்தவனும் முதலில் விழுந்தார்கள். விடிவதற்கு முன்பே தறியில் உட்கார்ந்துவிட்டு வரும் பையன்களுக்கு மதியத்தில் கால் பின்னிற்று. வயதைப் பார்த்து அணி பிரித்தால் மீசை முளைத்தவனும் முளைக்காதவனும் ஒன்றாக மோதிக்கொண்டார்கள், அதனால் உயரம் பார்த்துப் பிரித்தேன். எல்லாவற்றுக்கும் மேல், ஒருமுறை அடிபட்ட இடத்தில்தான் மறுபடியும் படும். அதனால் பயிற்சிக்கு முன் வரிசையில் நிற்க வைத்து, யாருக்காவது பழைய அடி இருக்கிறதா என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். ரொம்பக் கெட்டிக்காரன் என்று எனக்கு என்னைப் பற்றியே ஒரு நினைப்பு. நாற்பது பேர் முன்னால் எந்தப் பையன் தன் கை சொத்தை என்று சொல்வான் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஏழுமலை பள்ளியிறுதி வகுப்பில் படித்தான். நெசவு வீட்டுப் பையன். தோள் பட்டையும் முதுகும் பார்த்தால் படிக்கிற பையன் என்று சொல்ல முடியாது. அவனுக்கு ஒரே ஆசை, மிலிட்டரி. அவன் தெருக்காரர் ஒருவர் லீவில் இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கியதைப் பார்த்ததிலிருந்து பிடித்த ஆசை. மாதம் ஒருமுறை என்னிடம் வந்து மார்பைக் காட்டி நிற்பான்.

"அளந்து பாருங்க சார், ஏறிக்கினு கீதா?"

"போன மாசம்தானேடா அளந்தேன்."

"இப்ப தண்டால் எடுக்கறேன் சார். பரீட்சை முடிஞ்சதும் சித்தூருல ஆள் எடுக்கறாங்கோ. போயிட்டேன்னா இந்தத் தறியாண்ட திரும்ப மாட்டேன்."

அந்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சித்தூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. பெத்த சார் என்னைக் கூப்பிட்டு மனிதப் பிரமிடு ஒன்று வேண்டும் என்றார். கீழே நாலு பேர் கையும் முழங்காலும் ஊன்றி, அவர்கள் மேல் மூன்று, அதன் மேல் இரண்டு, உச்சியில் கொடியோடு ஒருவன். ஒரு தமிழ்ப் பையன், ஒரு தெலுங்குப் பையன் என்று மாற்றி மாற்றி நிறுத்தச் சொன்னார். "அவர் கண்ணால பாக்கணும். இந்தப் பிள்ளைகளைப் பிரிக்க வேண்டியதில்லன்னு அவருக்கே தோணணும்" என்றார். தமிழ்ப் பிரிவுக்காக அந்தத் தெலுங்குக்காரர் கவலைப்பட்டது எங்கள் ஊரில் பலருக்குக் கடைசிவரை தெரியாது.

கீழ் வரிசை நடுவில் ஏழுமலை. அவன் முதுகில்தான் அதிகப் பாரம் இறங்கும். ஆனால் பொங்கல் லீவு முடிந்து அவன் மூன்று வாரத்துக்கு மேல் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று அவன் அப்பா சீட்டு அனுப்பியிருந்தார். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்து சேர்ந்தான். இருபது எண்ணும் வரை தாங்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. தாங்கினான்.

விழா நாள் காலை அவன் என்னைக் கடந்து போனபோது ஒரு வாசனை வந்தது. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு. கட்டுப் பிரித்த பிறகும் எண்ணெய் போட வேண்டும், கொஞ்ச நாள் கனம் தூக்கக்கூடாது. அந்த வாசனை தெரிந்தவனுக்குத் தப்பாது.

"என்னடா வாசனை இது?"

"எங்க நைனாக்கு சார். தறிக் குழியில கால் மடங்கிட்ச்சி. நான்தான் எண்ணெ தேச்சிவுட்டேன்."

"உனக்கு ஒன்றும் இல்லையே?"

"நல்லாத்தான் கீறேன் சார். பாருங்கோ."

இரண்டு கைகளையும் நீட்டினான். வலது கை இடது கையைவிட ஒரு விரல்கடை குறைவாக நீண்டது. அதை நான் பார்த்தேன். மூன்று வாரக் காய்ச்சலும் அப்போதே நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த இடத்துக்கு வேறு பையன் இல்லை, பந்தல் போட்டாகிவிட்டது, அழைப்பிதழ் போய்விட்டது. சரி, போ என்றேன்.

ஏற்பாடு இதுதான். அதிகாரியின் ஜீப் புத்தூர் சாலையிலிருந்து திரும்பியதும் வாசலில் பியூன் துண்டை வீசுவான். நான் நீளமாக ஒருமுறை ஊத வேண்டும், பிரமிடு எழும். அதிகாரி மேடைக்கு முன் வந்து நின்று கொடிக்கு வணக்கம் வைப்பார். உடனே குட்டையாக இரண்டு, இறங்கிவிட வேண்டும். பெத்த சார் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தார். இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

அதிகாரி மதியம் இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். மூன்றே கால் ஆகியும் வரவில்லை. ஒத்திகை ஒத்திகை என்று பையன்களைச் சாப்பிடக்கூட அனுப்பவில்லை. தூசி எழும்பாதிருக்கத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டிய தரை, காய்ந்து கல்லாகிக் கிடந்தது. என் கையாலேயே நான் அடிப் புத்தகத்தின் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தேன், எழுதத்தான் இல்லை.

துண்டு அசைந்தது. ஊதினேன். பிரமிடு எழுந்தது. பந்தலில் கைதட்டல். உச்சியில் இருந்த சின்னப் பையன் கொடியை நீட்டிப் பிடித்தான்.

ஜீப் வாசலில் நின்றுவிட்டது. வெள்ளை வேட்டிகள் பத்துப் பதினைந்து அதைச் சூழ்ந்துகொண்டன. எங்கள் ஊரை இந்தப் பக்கம் விடாதே, அந்தப் பக்கம் விடாதே என்று ஒரு மகஜர். அதிகாரி நல்ல மனிதராக இருக்க வேண்டும். இறங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதை நின்றபடியே படிக்க ஆரம்பித்தார்.

இருபது எண்ணிவிட்டேன். விசிலைப் பல்லில் கவ்விக்கொண்டு மேடையைப் பார்த்தேன். பெத்த சார் வலது கையை உயர்த்திக் காட்டினார். பொறு.

முப்பது. ஏழுமலையின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டித் தரையில் கறுப்பாக விழுந்தது. வலது முழங்கை நடுங்க ஆரம்பித்தது. மற்ற மூன்று பேரின் கைகளும் நடுங்கின, ஆனால் இது வேறு நடுக்கம். உள்ளேயிருந்து வந்தது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும், அதுதானே என் வேலை. மறுபடி மேடையைப் பார்த்தேன். அந்தக் கை இறங்கவில்லை. வாசலைப் பார்த்தேன். அதிகாரி தாளைத் திருப்பினார்.

நாற்பது. இரண்டாவது வரிசைப் பையன் "சார்" என்று முனகினான். ஏழுமலை தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினான். ஊதாதீங்க என்று அர்த்தம்.

எனக்கு அது போதுமாக இருந்தது. மேலே ஒருவர் பொறு என்கிறார், கீழே ஒருவன் வேண்டாம் என்கிறான், நடுவில் நான் ஏன் ஊத வேண்டும்? அப்படியே நினைத்தேன். இதை நான் பூசி மெழுகவில்லை.

ஐம்பதை எட்டவில்லை. ஓர் ஓசை கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற ஓசை. பிரமிடு வலது பக்கமாகச் சாய்ந்து, மேலே இருந்த ஆறு பேரும் அவன் மேல் விழுந்தார்கள். விழுந்த பிறகு நான் விசில் ஊதினேன். குட்டையாக இரண்டு. பந்தலில் சிலர் சிரித்தார்கள், அதுவும் ஏற்பாடு என்று நினைத்து.

மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, ஒருவனுக்குப் பல் ஆடியது. ஏழுமலையின் முழங்கையைச் சொல்ல எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. எலும்பு தோலைக் கிழித்திருந்தது. அதிகாரி மகஜரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார், தன் ஜீப்பையே கொடுத்தார். அவன் அப்பா புத்தூருக்குத்தான் போக வேண்டும் என்றார், போனோம். கட்டுப் போடுகிறவர் பார்த்த உடனே, இது ரத்தக் காயம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று திருப்பதிக்கு அனுப்பிவிட்டார். வழியெல்லாம் அவன் தலை என் மடியில். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"சார், புக்குல எழுதிடாதீங்கோ சார்."

"எந்த புக்குடா?"

"அடி புக்கு. அதுல ஏறிட்ச்சின்னா சித்தூருக்குப் போயிடுமாம், மிலிட்டரில எடுக்க மாட்டாங்களாம். அதுக்குத்தான் சார் முன்ன வுழுந்ததயும் சொல்லல. பொங்கலுக்கு மாமரத்துல இருந்து வுழுந்தேன். கடசிக் கட்ட நானே அவுத்துட்டேன்."

முன்னிருக்கையில் அவன் அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. பிள்ளைகள் அடிபடாமலிருக்க வைத்த புத்தகம். அந்தப் புத்தகத்துக்குப் பயந்துதான் அவன் கட்டைப் பிரித்திருக்கிறான். அடிப் புத்தகம் பள்ளி அலமாரியை விட்டு எங்கும் போகாது என்று நான் ஒருமுறையாவது பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேனா? இல்லை.

மறுநாள் நான் பதிவு எழுதினேன். காரணம்: மாணவன் பழைய முறிவை மறைத்தது. யார் பார்த்துக்கொண்டிருந்தது என்ற கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பெத்த சார் இரவெல்லாம் தூங்கவில்லை போலிருந்தது. படித்தார். பேனாவைத் திறந்தார். என் வரியின் மேல் சிவப்புக் கோடு போட்டார். கடைசிக் கட்டத்தில் தமிழ் எழுத்தில், குழந்தை எழுதுவது போல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: "தலைமை ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். பொறு என்று கை உயர்த்தினார்."

கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே இரண்டு விரல் இடம் இருந்தது. புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"இதில் இன்னும் ஏதாச்சும் எழுதணுமா மாஸ்டர்காரு?"

அவர் குரல் ரொம்ப இறங்கியிருந்தது. ஆனால் அது கோபமில்லை. எனக்குச் சேர்ந்து சில வருஷமே ஆன வேலை, போன வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. தரையைப் பார்த்தேன்.

"இல்லை சார்."

அவர் பேனா மூடியை உடனே திருகவில்லை. நான் பேசமாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் திருகினார்.

விளக்கம் கேட்டு மேலிருந்து கடிதம் வந்தது. அவர் அந்தப் புத்தகப் பக்கத்தையே நகலெடுத்து அனுப்பினார். ஜில்லாவின் இன்னொரு கோடிக்கு, ராமகுப்பம் பக்கம் அவரை மாற்றினார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வழியனுப்பப் போனபோது, "பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கேட்காதீங்க, தனித்தனியா கேளுங்க" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் ஓய்வு பெறும் வரை தனித்தனியாகத்தான் கேட்டேன். எந்த விழாவுக்கும் பிரமிடு கட்டவில்லை. மகா பிடிவாதக்காரன் என்று பெயர் வாங்கினேன்.

ஏழுமலையின் கை ஆறியது, ஆனால் முழங்கை பாதிக்கு மேல் நீளவில்லை. சித்தூரில் ஆள் எடுத்தபோது அவன் போகவில்லை. எந்தத் தறிக்குத் திரும்ப மாட்டேன் என்றானோ அந்தத் தறியிலும் அந்தக் கையால் உட்கார முடியவில்லை. பல வருஷம் கழித்து, பாகாலா ஜங்ஷனில் ரயில் மாறக் காத்திருந்தபோது "டிரில் சார்!" என்று ஒரு குரல். பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருந்தான். காது ஓரம் நரைத்திருந்தது. இடது கையால் டீயை நீட்டினான். வலது கை மார்போடு மடங்கி நின்றது.

என்னால் டீயை வாயில் வைக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்து அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா சார், இன்னும் அதியே நெனச்சிக்கினு கீறீங்களா? உங்க மேல இன்னா தப்பு? நான்தானே தலைய ஆட்டினேன். துன்னுட்டுப் போங்க சார், பூரி சூடா கீது."

என் தப்பை அப்போதும் நான் சொல்லவில்லை. வண்டி வந்துவிட்டது என்று ஏறிப் போய்விட்டேன்.

பத்மா, படிவத்தை நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன். வெயில், தரை, சாப்பாடு, தூக்கம், பழைய காயம் எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருக்கிறேன். "மற்றவை"யில், பிள்ளையைப் பார்க்க வேண்டிய ஆள் மேடையைப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறேன். மேலிடத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியாது, நீ அந்த வரியை அடிக்காமல் அனுப்பு.

அந்த அடிப் புத்தகம் இன்று எங்கே கிடக்கிறதோ, கரையான் தின்றிருக்கும். பெத்த சார் தன் தப்பைத் தன் கையால் எழுதிவிட்டுப் போனார். ஏழுமலை தன் தப்பு என்று ஒன்றைச் சொல்லி என்னைப் பூரி சாப்பிடச் சொன்னான். பெத்த சாரின் கையெழுத்துக்குக் கீழே விட்டிருந்த இரண்டு விரல் இடத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது இது: டிரில் மாஸ்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது அவருக்கு முப்பதிலேயே தெரியும். விசில் அவர் வாயில்தான் இருந்தது.